அப்பாவுக்கு ஒரு நண்பர் தேவை!

உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சொந்த ஊரை விட்டு வந்து உங்களுடன் தங்கியிருக்கிறாரா? அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்து, யூடியூபில் பழைய பாட்டு தேடுவது எப்படி என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, 'அப்பாடா, இனி அவருக்குப் பொழுது போய்விடும்' என்று நிம்மதியாக ஆபீஸ் கிளம்பிப் போயிருக்கிறீர்களா? நானும் அதைத்தான் செய்தேன். அது போதாது என்று புரிய எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

சாஃப்ட்வேர் என்ஜினீயராக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. யார் எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்கு ஒரு அப்ளிகேஷன் இருக்கிறதா என்றுதான் மனசு முதலில் தேடும். அப்பா விஷயத்தில் நான் செய்த தவறுகள் எல்லாமே இந்தப் பழக்கத்தில் இருந்து வந்தவை. உங்களில் பலரும் இப்போது அதே இடத்தில் இருப்பீர்கள் என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா கோவில்பட்டியில் தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவர். அவருடைய பொழுதுபோக்கு சிற்றலை வானொலி கேட்பது. சும்மா பாட்டுக் கேட்பது இல்லை. தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிப்பது. இதற்கு டிஎக்ஸிங் என்று பெயர். 1984 வாக்கில் தபால் பிரிக்கும்போது, ஊரில் ஒரு டெய்லருக்கு மட்டும் மாஸ்கோவில் இருந்தும் பீக்கிங்கில் இருந்தும் கலர் கலராகக் கவர்கள் வருவதைப் பார்த்திருக்கிறார். 'யாருய்யா இந்த ஆளு, உலகமே இவருக்குக் கடிதம் போடுது' என்று ஒரு நாள் கவரைத் தானே எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனார். அன்று தொடங்கியது. டெய்லர், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை, ஒரு வாத்தியார், அப்பா என நான்கு பேர். தினமும் சாயங்காலம் தையல் கடையில் கூடுவார்கள்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள். இவை பூமிக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஒரு நிலையத்தைக் கேட்டவர், எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசை, என்ன நிகழ்ச்சி, எவ்வளவு தெளிவு என்று ஒரு அறிக்கை எழுதி அனுப்புவார். தெளிவைக் குறிக்க 'சின்போ' என்று ஒரு முறை உண்டு. சிக்னலின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலை வந்து சேரும் விதம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மார்க். 55555 என்றால் அருமை! அறிக்கை சரியாக இருந்தால் அந்த நிலையம் ஒரு அட்டை அனுப்பும். அதுதான் கியூஎஸ்எல் கார்டு. அப்பாவிடம் மூன்று ஷூ பெட்டி நிறைய இருக்கிறது.

நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். நம் நேரத்தை விட அது ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் இரண்டு கடிகாரம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'ஒரு கடிகாரம் ஓடலையே' என்பார்கள். அம்மா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார்.

தமிழ் ஒலிபரப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தபோது நான்கு பேரும் ஏதோ வீட்டில் துக்கம் போலத்தான் பேசிக்கொண்டார்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியுடன் நின்றது. மணிலாவில் இருந்து வந்த வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையை விட்டது. ஆனாலும் தையல் கடைக் கூட்டம் நிற்கவில்லை. கேட்பதற்கு நிலையம் குறையக் குறையப் பேச்சு கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

2023 ஜூனில் அம்மாவின் இதய சிகிச்சைக்காக இருவரையும் சென்னைக்கு அழைத்து வந்தேன். மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊரில் இருந்து அலைய முடியாது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு.

வந்த இரண்டாம் நாள் அப்பா தன்னுடைய சோனி ரேடியோவைப் பால்கனியில் வைத்து ஆன் செய்தார். 'கர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான்.

காரணம் எளிமையானது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வெளியில் இருந்து வரும் அலையைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் மின்சாதனங்கள் சொந்தமாக இரைச்சலை உண்டாக்குகின்றன. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், வைஃபை ரூட்டரின் அடாப்டர் எல்லாவற்றுக்கும் உள்ளே நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சர்க்யூட் இருக்கிறது. மலிவான பொருளில் அந்த இரைச்சலை அடக்கும் பாகத்தை மிச்சம் பிடித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் பத்து என்றால் நூறு வீட்டில்? மொட்டை மாடியில் ஒரு கம்பி கட்டிக்கொள்ள அனுமதி கேட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினேன். 'இடி இழுக்கும்' என்று பதில் வந்தது. அதே மாடியில் ஆறு டிஷ் ஆண்டெனா இருக்கிறது என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை.

அப்பா ரேடியோவை அதன் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டார். இரண்டாவது கடிகாரம் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. இதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

நான் கவனித்தது தொழில்நுட்பப் பிரச்சினையை மட்டும்தான். ஊர் நண்பர்களுடன் பேச வாட்ஸ்அப் குரூப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் வீடியோ காலில் ஒரே சிரிப்பு. மூன்றாம் வாரம் 'மழை உண்டா?', 'இல்லை', 'சாப்பிட்டாச்சா?', 'ஆச்சு'. அதற்குப் பிறகு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படங்கள் மட்டும். நண்பர்கள் மாறிவிடவில்லை. அவர்கள் இன்னும் தையல் கடையில் கூடுகிறார்கள். அப்பா அங்கே இல்லை, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே நின்று கூட்டத்தைப் பார்ப்பது போல அவருக்கு இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து இன்டர்நெட் ரேடியோ. 'இரைச்சலே இல்லை பாருங்கப்பா' என்று பெருமையாகச் சொன்னேன். 'குழாயில வர்ற தண்ணில என்ன தம்பி மீன் புடிக்கிறது?' என்றார்.

சரி என்று வெப்எஸ்டிஆரைக் காட்டினேன். இது உண்மையிலேயே அருமையான விஷயம். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கியது. அங்கே இருக்கும் ஆண்டெனாவில் விழும் அலைகள் அத்தனையையும் கம்ப்யூட்டர் டிஜிட்டலாக மாற்றுகிறது. ஏறத்தாழ 29 மெகாஹெர்ட்ஸ் வரை. நீங்கள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, பிரவுசரைத் திறந்து, வேண்டிய அலைவரிசையை மவுஸால் திருப்பலாம். அதே நொடியில் நூற்றுக்கணக்கானவர்கள் அவரவர் விருப்பத்துக்கு வேறு வேறு இடத்தில் திருப்பிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் திருப்புவது மற்றவரைப் பாதிக்காது. சிக்னல்கள் அருவி போலப் படமாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பதிவுக் கட்டணம் எதுவும் இல்லை. உலகம் முழுக்க இதுபோல இன்னும் பல ரிசீவர்கள் இருக்கின்றன.

அப்பா ஒரு வாரம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. கோவில்பட்டியில் இருந்து கனவிலும் பிடிக்க முடியாத ஐரோப்பிய மத்திய அலை நிலையங்களை எல்லாம் கேட்டார். நோட்டை எடுத்துக் குறித்தும் வைத்தார். எட்டாம் நாள் மானிட்டரை அணைத்துவிட்டு, 'இது அவங்க ரேடியோ தம்பி. கிடைச்சதை யாருகிட்ட போய்ச் சொல்ல?' என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விடை முழுவதும் இருந்தது. எனக்கோ முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. 'அவங்க ரேடியோ' தானே பிரச்சினை, சொந்த ரேடியோ வாங்கிவிடுவோம் என்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். டிவி பார்ப்பதற்காகத் தயாரான மலிவான யூஎஸ்பி குச்சி அது. அதன் உள்ளே இருக்கும் சிப்பை வைத்துப் பலவிதமான அலைகளையும் கேட்கலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்த மாடல்கள் சிற்றலையையும் பிடிக்கும். நல்ல கருவிதான். ஆனால் இரைச்சல் நிறைந்த வீட்டில் அது இரைச்சலைத்தான் பிடிக்கும்!

இதற்கிடையில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? வந்த பத்தாம் நாளே எதிர் வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுத்து, மூன்றாவது மாடிக்காரரோடு பிரதோஷத்துக்குப் போய், லிஃப்டில் பார்க்கிற எல்லாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பழகிவிட்டார். 'அம்மா செட்டில் ஆகிவிட்டார்' என்று ஒரு டிக் போட்டுக்கொண்டேன். அந்த டிக் தப்பு என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்பாவுக்கு நாளுக்கு நாள் பேச்சு குறைந்தது. சாப்பாடு பாதியானது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். குடியிருப்பில் மூத்த குடிமக்கள் குழு ஒன்று உண்டு. காலையில் கை தட்டிச் சிரிப்பார்கள், பிறகு இரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுவார்கள். வற்புறுத்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். 'அவங்களுக்கும் எனக்கும் வயசு மட்டும்தான் ஒண்ணா இருக்கு' என்றார்.

டிசம்பரில் ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி 3 இருக்கும். ஹாலில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். 'நான் மட்டும் ஊருக்குப் போயிடட்டுமா தம்பி? அம்மாவை நீ பாத்துக்கிடுவல்ல?' என்று கேட்டார். கல்யாணமாகி 32 வருடம் ஒரு வாரம்கூடத் தனியாக இருந்திராதவர்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அதற்குப் பிறகு தூங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ரிட்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

திருப்பம் தற்செயலாக வந்தது. சார்ஜர் வயர்களில் மாட்டினால் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையம் வாங்குவதற்காக 2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு ரிட்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையில் இருந்து பிரிந்து போகிற, நம் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்த அதே எலக்ட்ரானிக்ஸ் சந்தைதான். ஒரு சின்னக் கடையில், 'எதுக்கு சார் ஃபெரைட்?' என்று கடைக்காரர் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, 'ஷார்ட்வேவ் கேக்கணும். 31 மீட்டர்ல ஒரே இரைச்சலா இருக்கு' என்றார்.

கடைக்காரர் கால்குலேட்டரைக் கீழே வைத்தார். 'இன்னொருத்தரும் இதையே சொல்லிக்கிட்டு வருவாரு சார்' என்றவர், பில்லின் பின்பக்கத்தில் அப்பாவின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கும், ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் பெரம்பூரில் 40 வருடம் இருந்துவிட்டு இடம் மாறியவர்தான். ஒரே நகரத்துக்குள் மாறினாலும் அது இடமாற்றம்தானே! இருவரும் பேசிய பேச்சில் ஊர், பெயர், பிள்ளைகள் எதுவும் இல்லை. 'வாடிகன் உங்களுக்கு எப்படி விழுது?' என்றுதான் ஆரம்பித்தது. ஐம்பது நிமிடம். போனை வைத்துவிட்டு அப்பா அம்மாவிடம் தோசை கேட்டார்.

அவருக்கு அமெச்சூர் வானொலி லைசென்ஸ் உண்டு. அதாவது ஹாம். மத்திய அரசு நடத்தும் தேர்வில் பாஸ் செய்தால்தான் நாமே ஒலிபரப்ப முடியும். நிலையங்களைக் கேட்பதற்கு மட்டும் லைசென்ஸ் வேண்டியதில்லை. முன்பு அதற்கும் வேண்டியிருந்தது. அந்த வானொலி லைசென்ஸ் கட்டணத்தைத் தபால் நிலையத்தில்தான் கட்ட வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. 'நான் வசூல் பண்ணிருக்கேன் சார்!' என்று அப்பா சொன்னதும், 'நான் கட்டாம ஏமாத்திருக்கேன் சார்!' என்று அவர் சொன்னாராம். வீட்டில் இந்தக் கதை இதுவரை எட்டுத் தடவை சொல்லப்பட்டுவிட்டது.

இரைச்சலுக்கு அவரிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஜன்னல் ஓரத்தில் வைக்கிற வளைய ஆண்டெனா. பக்கத்தில் இருக்கும் மின்சாதன இரைச்சலை இது நீளக் கம்பியை விடக் குறைவாகவே உள்ளே விடும். இரைச்சல் வரும் திசையைப் பார்த்துத் திருப்பியும் வைக்கலாம். சங்கத்திடம் அனுமதியும் கேட்க வேண்டாம்! இன்னொன்று, வீட்டையே விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போவது. கடலின் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கடல் மேல் தாழ்வாக வரும் அலைகள் கரையில் நன்றாகக் கிடைக்கும். சார்ஜரும் பல்பும் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் திருவான்மியூர் கடற்கரை. இரவில் நன்றாகக் கேட்ட அலைவரிசைகள் மங்கி, பகல் அலைவரிசைகள் திறந்துகொள்ளும் நேரம் அது. டிஎக்ஸ் பிரியர்களுக்குத் திருவிழா நேரம்.

முதல் ஞாயிறு நான்தான் பைக்கில் கொண்டு போய் விட்டேன். இரண்டு பெரியவர்கள் மணலில் பெட்ஷீட் விரித்து, ஆளுக்கொரு ரேடியோவை நடுவில் வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். 'சார், 9 மெகாவுக்குக் கொஞ்சம் மேல பாருங்க', 'ஆமா சார்', 'அரபி மாதிரி இருக்கு சார்', 'இல்ல சார், பார்சி'. நோட்டில் குறிக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்கா ஏழு மாதம் அல்லாடினேன் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மணிக்கணக்கு என்ன சொல்கிறது?

என்ஜினீயர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நட்பு உருவாக எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடிப் பார்த்தேன். கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. ஆய்வின் ஒரு பகுதி நமக்கு நேராகப் பொருந்துகிறது. ஆறு மாதத்துக்குள் புது ஊருக்குக் குடிபோன வயது வந்தவர்களிடம்தான் கேட்டிருக்கிறார். சாதாரணப் பழக்கமாக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அதுவும் கூட வேலை பார்த்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேருவதில்லை. விருப்பப்பட்டுச் சேர்ந்து கழித்த நேரம்தான் வேலை செய்கிறது. அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்ததுமே 'உங்களுக்கு எந்த ஊரு?' என்று கேட்கிற நமக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். இருந்தாலும் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு கடற்கரையில் 2 மணி நேரம், புதன்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் 2 மணி நேரம், ஆக வாரம் 4 மணி நேரம். 90ஐ 4ஆல் வகுத்தால் 22 வாரம் சொச்சம். அதாவது ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அப்பா 'சார்' என்பதை விட்டு அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தது ஆறாவது மாதத்தில். பெரம்பூர்க்காரருக்கு முதலில் அந்த வார்த்தை விளங்கவில்லை. 'மளிகைக் கடைக்காரரைத்தானே அப்படிச் சொல்வாங்க?' என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் அது அண்ணனுக்குச் சமம் என்று அப்பா விளக்கினாராம்.

மாதம் ஒரு தடவை கூடும் கூட்டங்களால் ஏன் நட்பு வருவதில்லை என்பதும் இதில் தெரிகிறது. மாதம் 2 மணி நேரம் என்றால் 90 மணி நேரத்துக்கு 45 மாதம். 64 வயதுக்காரரிடம் நாலு வருடம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? அதனால் என் கருத்து இதுதான். பெரியவர்களுக்கு ஆள் தேடும்போது வயதை வைத்துத் தேடாதீர்கள். அவர் கையில் முப்பது நாற்பது வருடமாக என்ன இருந்தது என்று பாருங்கள். சதுரங்கமா, தபால்தலையா, தோட்டமா, புல்லாங்குழலா? அந்தப் பொருள் எங்கே விற்கிறதோ, எங்கே ரிப்பேர் ஆகிறதோ அங்கே போங்கள். கூகுளில் வராத ஆட்கள் அந்தக் கடைக்காரர்களின் செல்போனில் இருப்பார்கள். சதுரங்கம் என்றால் லைசெஸ் போன்ற இலவச இணையத்தளத்தில் நடுராத்திரியிலும் எதிராளி கிடைப்பார். ஆனால் தோற்றதும் 'இன்னொரு ஆட்டம் போடுவோம், டீ சொல்லு' என்று யார் சொல்வது?

கம்ப்யூட்டரால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். புது நண்பர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கே உயிர் வந்தது. ஹாம் சங்கக் கூட்டத்தில் 19 வயது எலக்ட்ரானிக்ஸ் மாணவர் ஒருவரை அண்ணாச்சி பிடித்து வந்தார். நான் வாங்கிப் போட்டிருந்த டாங்கிளை வைத்து நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பிய மேகப் படங்களை நேரடியாக இறக்குவது எப்படி என்று அந்தத் தம்பி அப்பாவுக்குக் காட்டினார். 2025இல் அந்த வரிசையில் மிச்சமிருந்த செயற்கைக்கோள்களும் ஓய்வு பெற்றபோது, 'நம்மள மாதிரி ரிட்டயர் ஆயிட்டு' என்றார் அப்பா. இப்போது ரஷ்ய மீட்டியர் செயற்கைக்கோளுக்காகக் காத்திருக்கிறார்கள். வெப்எஸ்டிஆரும் திரும்ப வந்துவிட்டது. கடற்கரையில் மங்கலாகக் கேட்டது எந்த நிலையம் என்று சரிபார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே இணையத்தளம்தான். சொல்வதற்கு ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உலகப் பொது நேரக் கடிகாரம் ஹாலில் ஏறிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் முதற்கொண்டு எல்லாரும் 'கடிகாரம் ஓடலை' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும் பெரியவர்கள் ஆன்லைனில் நட்புத் தேடுகிறார்கள் என்றால் மோசடிக்காரர்களும் அங்கே காத்திருப்பார்கள். முதல் சந்திப்பு கடை, பூங்கா, கடற்கரை போன்ற பொது இடத்தில் இருக்கட்டும். முதல் தடவை நீங்களும் போங்கள். பணம், ஓடிபி, 'நல்ல முதலீடு' என்ற பேச்சு வந்தால் உடனே விலகச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் போன் செய்யுங்கள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பதால்தான் பல பெரியவர்களின் பணம் திரும்பாமல் போகிறது. திட்டாதீர்கள்.

இனி அம்மா விஷயம். போன தீபாவளிக்குப் பலகாரம் செய்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி குடும்பத்தோடு வருவதைப் பற்றி நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். 'அப்பாவுக்கு ஆள் தேடிக் கொடுத்தே. எனக்கு ஒண்ணும் தேடலியே' என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 'உங்களுக்குத்தான் இத்தனை பேர் இருக்காங்களேம்மா!' என்றேன். 'அவங்க கூட கோயிலுக்குப் போவேன், ஆஸ்பத்திரி கதை பேசுவேன். குறுக்கெழுத்துப் போட யாரு இருக்கா?' என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் பக்கத்து வீட்டு டீச்சரும் அம்மாவும் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் போட்டி முழுவதையும் நிரப்புவார்கள். ஒருவர் இடமிருந்து வலம், மற்றவர் மேலிருந்து கீழ். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் பார்த்த காட்சி. அதைப் பொழுதுபோக்கு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பாவின் ரேடியோவுக்குப் பெயர் இருந்தது, அட்டை இருந்தது, நோட்டு இருந்தது. அம்மாவுடையது வேலைக்கு நடுவே செய்கிற ஏதோ ஒன்றாகத்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது. யாரிடமும் சுலபமாகப் பேசிப் பழகுகிறவர்களுக்குத் துணை தேவையில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டுக்கு வீடு பெண்களுக்குத்தான் இந்த அநியாயம் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழ்க் குறுக்கெழுத்துக்கு ரிட்சி தெரு மாதிரி ஒரு தெரு இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, கட்டம் போடுவதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் 'கொ' என்பதை யூனிகோடு இரண்டு குறியீடாகப் பார்ப்பதால் முதல் தடவை எல்லாக் கட்டமும் கலைந்துபோனது தனிக் கதை. வாரம் ஒரு புதிரை அம்மா அமைக்கிறார். அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் உள்ள நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம். இதற்கும் சங்கத்தின் அனுமதி வேண்டுமாம். இந்தத் தடவை நான் கேட்கவில்லை, ஒட்டிவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் யாரும் தொடவில்லை. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, மேலிருந்து கீழ் 7ஐ யாரோ நீல மையில் நிரப்பியிருந்தார்கள். விடை தப்பு. அம்மா இரண்டு நாளாக லிஃப்ட் பக்கம் போய்ப் போய் வருகிறார்.